நூலை இறுக்கத் தயங்கிய கை

டொக்டர் முருகேசு இப்படித்தான் போய்ச் சேருவார் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் என் கடைக்கு மிளகும் கொக்கோவும் கொண்டுவருகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். காலை வெட்டுவதும் அவர், குடலைத் தைப்பதும் அவர், மண்டை உடைந்து வருகிறவனைப் பார்ப்பதும் அவர். ஒரு மனிதனிடம் பத்துப் பேருடைய வேலையை வாங்கினால் இருதயம் எவ்வளவு காலத்துக்குத் தாங்கும் என்று வாய் ஓயாமல் கேட்டவன் நான். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து கடைக் கதிரையில் உட்காருகிறேன், கண்டியிலிருந்து வந்த பஸ்ஸின் டிரைவர் இறங்காமலே சொல்கிறான்: ஆஸ்பத்திரியில் கை கழுவிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டாராம். நான் சொன்னது பலித்துவிட்டது. பலிக்காமல் இருந்திருக்கலாம்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். குண்டசாலையில் வீடு, ஆனால் வீட்டில் அவரைக் கண்டவர்கள் குறைவு. அவருடைய விரல் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். கண்ணை மூடிக்கொண்டு சட்டைப் பைக்குள்ளேயே நூல் முடிச்சுப் போடுவார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான். ஆனாலும் அவருக்குப் பக்கத்தில் நின்று ஒரு சத்திரசிகிச்சைக்கு உதவி செய்தவன். சிரிக்க வேண்டாம், சொல்கிறேன்.

என் தங்கை ஹாஜரா ஒரு நாள் சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். யாரோ உலக்கையால் அடித்தது போலிருந்தது என்று பிறகு சொன்னாள். இடது கண்ணிமை தொங்கிப்போயிற்று. முதலில் காட்டிய இரண்டு வைத்தியர்களும் நிச்சயம் குணப்படுத்துவதாக வாக்குக் கொடுத்தார்கள். மூன்றாவதாகத்தான் டொக்டர் முருகேசுவிடம் போனோம். முதுகில் ஊசி குத்தி எடுத்த நீர் சிவந்திருந்தது. அவர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் ஓரிடத்தில் மெலிந்து, பழைய சைக்கிள் டியூப் போலப் புடைத்திருக்கிறது. ஒரு தடவை கசிந்துவிட்டது. மறுபடி வெடித்தால் ஆளே போய்விடும்.

மண்டையைத் திறந்து அந்தப் புடைப்பையே பிடித்துக் கட்டக் கூடாதா என்று ஹாஜராவின் புருஷன், என் மச்சான், கேட்டார். அதற்கென்று படித்த ஆள் இந்தத் தீவில் இல்லை என்றார் டொக்டர். சீமைக்குப் போகலாம், ஆனால் கப்பல் ஏறுகிற நிலையில் அவள் இல்லை. தன்னால் முடிந்தது, கழுத்தில் ஓடுகிற பெரிய நாடியைக் கட்டி அழுத்தத்தைக் குறைப்பது. இறுக்கம் கூடினால் மூளைக்கு இரத்தம் போதாமல் பேச்சும் வலது கையும் போய்விடலாம். மச்சான் அழுதுகொண்டே, குணமாகுமா என்று கேட்டார். டொக்டர் அவருடைய தோளில் கை வைத்து, "சுகம் வரும், பயப்படாதேங்கோ" என்றார். நாங்கள் சம்மதித்தோம்.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "முதலாளி, உங்கட தங்கச்சி நீங்கள் சொல்லுற பொய்யெல்லாத்தையும் உடனே பிடிப்பா எண்டு உங்கட மச்சான் சொன்னவர். உண்மையோ?"

பொய்யில்லை, கொஞ்சம் நீட்டிச் சொல்வேன் என்றேன்.

"அதுதான் எனக்கு வேணும். அவவை மயக்கமாட்டன், கழுத்தை மட்டும் விறைக்கப்பண்ணுவன். நான் நூலை இறுக்கேக்கை நீங்கள் கதை சொல்லுங்கோ. அவ உங்கட பொய்யைப் பிடிச்சுக்கொண்டே இருக்கவேணும். பிடிக்காட்டி மூளைக்கு இரத்தம் காணேல்லை எண்டு அர்த்தம், உடனே எனக்குச் சொல்லுங்கோ."

அந்த அறையில் தலை வியாதிக்கென்று படித்தவர் ஒருவரும் இல்லை. வேறு வார்டிலிருந்து இரவல் வாங்கிய ஒரு நர்ஸ், மருந்து கொடுக்கிற ஒரு அப்போதிக்கரி, ஒரு மிளகு வியாபாரி. "இந்த வேலைக்குக் கத்தி மட்டும் காணாது," என்றார் டொக்டர். "பார்க்கிற கண் ஒண்டு, கேக்கிற காது ஒண்டு தனியா வேணும். எனக்கு வாய்ச்ச காது நீங்கள்தான்."

திரைக்கு இந்தப் பக்கம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன். சின்ன வயதில் அவளுடைய நானா, அதாவது அண்ணன் நான், மகாவலி ஆற்றை ஒரே மூச்சில் நீந்திக் கடந்த கதை.

"நீந்தினீங்களா நானா? தோணிக்காரன் முடியப் புடிச்சி இழுத்துப் போட்டான், டொக்டர்."

நூல் இறுகியது. வெள்ளத்தில் முதலை துரத்தியது என்றேன்.

"மொதலயா? வாழத்தண்டுக்குப் பயந்து கத்தின ஆளு."

நூல் இன்னும் இறுகியது. அந்தத் தண்டைப் பார்க்கக் கவர்னர் துரை எங்கள் வீட்டுக்கே வந்தார் என்றேன். அவள் பேசவில்லை. நான் மறுபடி சொன்னேன். "ம்," என்றாள், வந்திருப்பார் என்பது போல.

"டொக்டர்," என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. பிறகு தளர்த்தினார். நாங்கள் காத்திருந்தோம்.

"கவர்னரா?" என்றாள் ஹாஜரா மெதுவாக. "வாப்பா கூட வரமாட்டாரு ஒங்கட கதைய கேக்க."

டொக்டர் சிரித்தார், ஆனால் நெற்றி வேர்வையைத் துடைக்க நர்ஸைக் கூப்பிட்டார். இம்முறை மிக மெதுவாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்து, முடிச்சைப் போட்டார்.

அவள் பிழைத்தாள். அந்தத் தலையிடி திரும்பி வரவில்லை. ஆனால் சில நாளில் சொற்கள் ஒன்றொன்றாக நழுவின. வலது கையால் தேங்காய்ப் பாதியைக்கூடப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. டொக்டர் வேலை முடிந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார். என்னை ஒரு கதை சொல்லச் சொல்வார். அவள் எதையும் பிடிக்காமல் தலையாட்டுவாள். அவர் தேத்தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிடுவார். ஒரு நாள் வாசலில் என்னிடம் சொன்னார்: "சீமையில எண்டால் இதுக்கெண்டே பழகின ஆக்கள் ஒரு கூட்டமா நிண்டிருப்பினம். அவை இன்னும் ஒரு மயிர் தளர்த்திக் கட்டியிருப்பினமோ எண்டு ஒவ்வொரு நாளும் யோசிக்கிறன்." பஸ் வரும்வரை அவரோடு வாசலில் நின்றேன்.

டொக்டரைப் பற்றி இதுவரை எழுதியதையெல்லாம் நேற்று ஹாஜராவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு சாண் விரலுக்கும் தலையாட்டினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆகவே அவள் செய்ய வேண்டியதை நானே செய்கிறேன். "சுகம் வரும், பயப்படாதேங்கோ" என்று டொக்டர் சொன்னதாக மேலே எழுதியிருக்கிறேனே, அது நான் கட்டியது. குணமாகுமா என்று மச்சான் கேட்டபோது அவர் எங்கள் முகத்தை நேராகப் பார்த்து, "எனக்குத் தெரியாது" என்றார். அப்படிச் சொன்ன முதல் வைத்தியர் அவர். அதைக் கேட்டுத்தான் நாங்கள் சம்மதித்தோம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சொல் ஒன்றுதான். நேற்று வாசித்து முடித்ததும் மச்சான் கேட்டார், டொக்டரும் போய்விட்டார், இனி இவளுக்குப் பேச்சு முழுதாகத் திரும்புமா என்று. எனக்குத் தெரியாது என்றேன்.