தண்ணீர் குடிக்காத மனை

அவளை எல்லாரும் குழிக்காரி என்பார்கள். வீடு கட்டுகிறவர்கள் கழிவுநீர்க் குழி தோண்டும் முன், அங்குள்ள மண் தண்ணீரைக் குடிக்குமா என்று அவள் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். சிறு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, அளவுக்குச்சி நட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்திருக்கச் சம்பளமா என்று கேலி பேசுகிறவர்களை அந்த வெயிலில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும். எத்தனையோ வருஷத்து அலுப்பு அவள் உடம்பில் இருந்தது.

அன்று பார்த்தது சொந்தத் தங்கையின் மனை. தங்கை, புருஷன் பிள்ளைகளோடு, "ரெண்டே மாசம்" என்று சொல்லிக் குழிக்காரி வீட்டு முன்னறைக்கு வந்து வருஷக்கணக்காகிறது. அக்கடா என்று காலை நீட்ட இடமில்லை. இந்த மனை தேறினால் எல்லாருக்கும் விடிவு.

மனை இருந்ததோ தட்டையான குன்றின் உச்சியில். கீழே படிப்படியாக இறங்கும் நிலமெல்லாம் ஆறு எப்போதோ கொண்டுவந்து போட்ட மணல் கலந்த செம்மண். ஊற்ற ஊற்றக் குடிக்கும். உச்சியில் கதை வேறு. ஒரு சாண் பழுப்பு மண், கொஞ்சம் சரளை, அதற்கடியில் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புப் பாளம். மழை குறைந்த சீமையில் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோகத் தண்ணீர் ஏது? அங்கேயே தங்கிக் கல்லாகிவிடுகிறது. கடப்பாரை 'ணங்' என்றது. பாளத்தில் விரிசல் இருந்தால் தண்ணீர் இறங்கும். விரிசல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஊற்றினாள்.

"இறங்குதா அக்கா?"

"இப்பத்தானே ஊத்தினேன். அதுக்குள்ள என்ன அவசரம்?"

"நீ கொஞ்சம் கண்ணை மூடு. நான் பாத்துக்கறேன்."

குடை நிழலில் அசந்துவிட்டாள். விழித்தபோது குழியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

"இறங்கிடுச்சுக்கா!"

குழிக்காரிக்குக் காலியான முன்னறை கண்முன் வந்தது. அப்புறம்தான் தங்கையின் கையைப் பார்த்தாள். முழங்கைவரை ஈரம், வெள்ளைச் சேறு. புதருக்குப் பின்னால் மண் நனைந்து கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

"எத்தனை சொம்பு அள்ளினே?"

"எழுதிக் குடுத்துடுக்கா. உன் தங்கச்சிதானே."

"எழுதிடலாம்டி. அப்புறம் கழிவெல்லாம் உன் அடுப்படிக்குத்தான் திரும்பி வரும்."

"வரட்டும், அள்ளிக் கொட்டிக்கறேன்." தங்கை கைச் சேற்றைப் புடவையில் துடைத்தாள். "தினமும் சாயங்காலம் வாசல்ல நின்னு ஒரு பெருமூச்சு விட்டுட்டுத்தான் நீ உள்ள வர்றே. அதை இன்னும் எத்தனை நாளுக்கா நான் கேட்டுட்டிருக்கறது?"

 அந்தப் பெருமூச்சு யாருக்கும் கேட்காது என்றே குழிக்காரி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைக் குழியில் ஊற்றினாள். இருவரும் அளவுக்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அப்படியே நின்றது. 'ஆகாது' என்று எழுதினாள்.

அன்று சாயங்காலம் அவள் வாசலில் நிற்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, பிள்ளைகளின் கால்களைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போனாள்.