ஆதிரையின் கழுத்துக்காக ஒஸ்லோவுக்கு ஒரு ரயில்

நாலு மாதமான எங்கள் மகள் ஆதிரை உலகத்தின் வலது பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் கிலுகிலுப்பை ஆட்டினால் கண் வரும், கழுத்து வராது. ஒரு பக்கம் போட்டுப் பால் கொடுத்தால் வீறிட்டு அழுவாள். அதற்காகத்தான் போன மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, நார்வேயில் நாங்கள் வசிக்கும் துரொண்ட்ஹெய்மிலிருந்து ஒஸ்லோவுக்குக் கிளம்பினோம். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் சரிசெய்யும் கைரோபிராக்டரிடம் குழந்தையைக் காட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது உதவட்டும்.

துரொண்ட்ஹெய்மில் கைரோபிராக்டரே இல்லையா என்று கேட்பீர்கள். எங்கள் தெருமுனையிலேயே ஒருவர் பலகை மாட்டியிருக்கிறார். ஆனால் நாங்கள் திருச்சிக்காரர்கள், வைத்தியம் என்றால் கைராசி பார்ப்போம். ஜெசிந்தா அக்காவின் முதுகுவலியை மூன்றே தடவையில் போக்கிய கை ஒஸ்லோவில் இருந்தது. அக்கா மன்னார்க்காரர். எங்கள் பக்கத்து வீட்டில் மூன்று வருடம் இருந்துவிட்டு, இப்போது ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் குடியிருக்கிறார். என் மனைவி சுகன்யா தொலைபேசியில் "கழுத்து" என்று மட்டும் சொல்லி அக்காவிடம் விலாசம் வாங்கி, வெள்ளி காலை பத்தரைக்கு நேரமும் குறித்துவிட்டாள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் கழுத்து சுளுக்கிக்கொண்டால் எங்கள் பக்கம் 'உரம் விழுந்துவிட்டது' என்பார்கள். சேலையில் குழந்தையைப் படுக்கவைத்து, இரண்டு பேர் இரு முனையைப் பிடித்து உருட்டி உரம் எடுப்பார்கள். இந்தப் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு வீடியோவைப் பார்த்து நாங்களே அதைச் செய்தோம். நான் ஆராய்ச்சியாளன், அவள் மென்பொருள் பொறியாளர், படித்த லட்சணம் இது. இரண்டாவது முறை குழந்தை அழுத அழுகையில் சேலையைக் கீழே வைத்துவிட்டோம். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ரயில் காலை 8.20க்கு. சுமார் 550 கிலோமீட்டர், ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட்டை இரண்டு வாரம் முன்பே எடுத்ததால் இருவருக்கும் 1,180 குரோனர் ஆயிற்று, கைக்குழந்தைக்குக் கட்டணம் இல்லை. குடும்பப் பெட்டியில் இடம் எடுங்கள், தள்ளுவண்டியை நிறுத்த வசதி உண்டு. ஏழு மணி நேரத்துக்கென்று கட்டிய புளிசாதம் பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது. மலையெல்லாம் பனி, பெட்டியில் எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் ஆதிரையின் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்று மணிக்கு ஒஸ்லோ. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் கால் மணி நேரத்துக்குள் ஹொல்ம்லியா. அக்கா புட்டும் ஆட்டுக்கறியும் வைத்துவிட்டு, நாளைக்கு யாருக்கு வைத்தியம் என்று சாவகாசமாகக் கேட்டார். ஆதிரையைக் காட்டியதும் அகப்பையைக் கீழே வைத்தார். கழுத்துவலி எங்கள் இருவரில் ஒருவருக்கு என்று நினைத்திருக்கிறார்.

"தம்பி, நான் என்ர முதுகுக்குத்தான் அவவைச் சொன்னனான். பிள்ளையின்ர கழுத்துக்குச் சொல்லேல்லை" என்றார். பிறகு சுகன்யாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போங்கோ. ஆனா எல்லாம் கேட்டுப்போட்டுத்தான் கை வைக்க விடவேணும்" என்றார்.

கைரோபிராக்டரின் கிளினிக் ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. முதல் சந்திப்பு 45 நிமிடம், 950 குரோனர். காத்திருந்த பதற்றத்தில் நான் கழுத்தை ஒரு வெட்டு வெட்டிச் சொடக்கு எடுத்தேன். கதவைத் திறந்த கைரோபிராக்டர், ஐம்பது வயது இருக்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

குழந்தையைத் தொடுவதற்கு முன் இருபது நிமிடம் கேள்விதான். பிரசவம் எப்படி, எடை ஏறுகிறதா, காய்ச்சல், வாந்தி உண்டா. பிறகு, இந்தக் கழுத்துக்கு ஏற்கெனவே யாராவது ஏதாவது செய்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன், கேட்டு முடிப்பதற்குள். சேலையையும் உரத்தையும் இவருக்கு எப்படி விளக்குவது என்று வெட்கமாக இருந்தது. அவர் தலையசைத்துவிட்டுக் குழந்தையை நோக்கிக் கையை நீட்டினார்.

சுகன்யா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தமிழில் கேட்டாள்: "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

சொன்னேன். என் ஆங்கிலம் அதற்குப் போதவில்லை. அங்கிருந்த கரடிப் பொம்மையைச் சுகன்யாவின் சால்வையில் போட்டு ஆளுக்கொரு முனை பிடித்து உருட்டிக் காட்டினோம். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அன்றைக்குக் குழந்தை வாந்தி எடுத்தாளா, துவண்டாளா, பால் குடிக்க மறுத்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்பதுதான் பதில், இம்முறை உண்மையாகவே. குழந்தையின் தலை பாரம், கழுத்துக்கு அதைத் தாங்கும் வலு இன்னும் வரவில்லை, இனி உருட்டவே கூடாது என்றார். இதை அறியாமல் குழந்தையைத் தொட்டிருந்தால் தவறாகியிருக்கும் என்றும் சொன்னார்.

மெல்லத் தடவிப் பார்த்ததில் இடது கழுத்துத் தசை இறுகியிருந்தது. அதைத் திருப்பவோ அழுத்தவோ மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கைக்குழந்தைகளுக்குக் கைரோபிராக்டிக் பலன் தருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் குறைவு, ஆபத்து எவ்வளவு என்பதும் சரியாக ஆராயப்படவில்லையாம். குடும்ப மருத்துவரும் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டும்தான் பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். கைராசி தேடி அவ்வளவு தூரம் போனோம், அவர் கை எதுவுமே செய்யவில்லை. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பி, அந்தச் சத்தத்தை எங்கே கற்றேன் என்று கேட்டார். முடிவெட்டிய கையோடு சலூன்காரர் இரண்டு பக்கமும் நெட்டி முறிப்பதைச் சொன்னேன். பெரியவர்களுக்கு முதுகுவலியில் இந்த வைத்தியம் சிலருக்கு உதவும், செய்த பிறகு ஓரிரு நாள் வலி இருந்து போகும். ஆனால் கழுத்தை வெடுக்கென்று திருப்பினால், மிக அரிதாக, ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம் என்றார். அன்றோடு நான் நெட்டி முறிப்பதை விட்டேன், கை மட்டும் இன்னும் தாடைக்குப் போகிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நார்வேயில் இவர்கள் அரசு உரிமம் பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், மருத்துவர் கடிதம் இல்லாமலே போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, எலும்புத் தேய்மானம், பழைய விபத்து எதுவானாலும் முதலிலேயே சொல்லுங்கள். திடீரென்று இதுவரை இல்லாத தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போவது இருந்தால் யாரையும் கழுத்தில் கைவைக்க விடாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். குழந்தை என்றால் மருத்துவர்தான் முதலில். வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள், நான் மறைத்த அந்த ஒரு நிமிடத்தில் அவர் கை குழந்தை வரை வந்துவிட்டது.

ஊர் திரும்பி மருத்துவரைப் பார்த்தோம், அடுத்த வாரமே பிசியோதெரபி தொடங்கியது. கவிழ்த்துப் போடுவது, இடது பக்கம் நின்று கூப்பிடுவது, இவ்வளவுதான் வீட்டுப்பாடம். ஏழு வாரம் கூப்பிட்டோம்.

போன சனிக்கிழமை காலை ஆதிரை என் மடியில் இருந்தாள். சுகன்யா எதற்கோ இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கூப்பிடக்கூட இல்லை. குழந்தை தானாகக் கழுத்தைத் திருப்பி, தாடை தோளைத் தொடும்வரை திருப்பி, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். சுகன்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதேன். அதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன், பிறகு மறைத்தது போதும் என்று எழுதிவிட்டேன்.