பூனை சாரின் லேசான வாசனை

“நான் வர்றது என் செருப்புக்கே தெரியாது” என்று பூனை சார் ஒருமுறை முதலாளி முன் நின்று மார் தட்டினார். கண்ணாடி டம்ளர்களைப் பெட்டியில் அடுக்கி ஊர் ஊராக அனுப்பும் கிடங்கு அது. அவர் அங்கே மேற்பார்வையாளர்; பூனை சார் என்பது ஆட்கள் வைத்த பட்டப்பெயர். வேலை நேரத்தில் கண்ணயர்கிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பது அவர் பொறுப்பு. பிடிபட்டவரின் சீட்டை அன்றே கிழிப்பது முதலாளியின் பொறுப்பு.

சத்தமில்லாமல் வருவதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. செருப்புக்கு ரப்பர் அடி. சாவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாதபடி கைக்குட்டையில் முடிச்சு. சட்டைப் பையில் சில்லறை வைப்பதில்லை. கிடங்குக் கதவின் கீல்களுக்குத் தன் கையாலேயே எண்ணெய் விடுவார். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவார்.

இவ்வளவு முன்ஜாக்கிரதையுள்ள மனிதர், குளித்ததும் சென்ட் அடித்துக்கொள்வார். மலிவான, அடக்கமான சரக்கு. ‘அன்றாடம் உழைக்கும் ஆண்களுக்கு, மிக மென்மையானது’ என்று அட்டையிலேயே போட்டிருக்கும். அவர் மூக்குக்கும் அது மென்மைதான். அதனால் இன்னும் இரண்டு அழுத்து அழுத்துவார். மாடி அறையின் மேஜை இழுப்பறையில் இன்னொரு புட்டி உண்டு. மதியம் ரவுண்டு கிளம்புமுன் அதிலிருந்தும் ஒரு சுற்று. “ஆம்பளைக்கு வாசனை இருக்கணும், ஆனா இருக்கிறது தெரியக் கூடாது” என்பது அவர் கொள்கை. எலுமிச்சைத் தோலையும் மரத்தூளையும் சேர்த்து அரைத்தது போன்ற அந்த மென்மை, அவர் மாடிப்படியில் கால் வைக்கும்போதே கதவிடுக்கில் புகுந்து கிடங்கின் கடைசி மூலையை விசாரித்துவிடும்.

பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவர்தான் அங்கே காவல் மூக்கு. கொட்டாவியைப் பாதியில் நிறுத்தி, “எந்திரிம்மா, எலுமிச்சை இறங்குது” என்பார். லேபிள் ஒட்டுகிற பெண் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொள்வாள். பல் முளைக்கிற குழந்தை இரவெல்லாம் அவளைத் தூங்க விடுவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும். அவள் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

பூனை சார் நுழையும்போது எல்லாரும் இயந்திரமாக இயங்குவார்கள். நம் ஆட்கள் தங்கம் என்று அவரும் வருடக்கணக்காக மேலே சொல்லிவந்தார். முதலாளிக்கு ஒருநாள் சந்தேகம் தட்டியது. “இந்த மாசம் ஒருத்தராவது மாட்டணும். இல்லேன்னா தூங்கறது நீங்கதான்னு அர்த்தம்.”

அன்று மாலை வீட்டில் வழக்கம்போல் கொதிக்கக் கொதிக்க டீ காத்திருந்தது. தான் வரும் நேரம் எப்படித் தெரிகிறது என்று மனைவியிடம் முதன்முதலாகக் கேட்டுவைத்தார்.

“இதென்ன அதிசயம்? நீங்க தெருமுனை திரும்பறப்பவே உங்க வாசனை வந்து கதவத் தட்டிடுது. அப்பதான் அடுப்பையே பத்த வைப்பேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கீல்களுக்கு விட்ட எண்ணெயெல்லாம் கண்முன் ஓடியது.

மறுநாள் வெறும் சோப்பு. அதுவும் பட்டும் படாமல். மதியம் மாடிப்படியில் இறங்கினார். கதவைத் திறந்தார். காவல் மூக்கு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. லேபிள்காரப் பெண் மேஜைமேல் கன்னத்தை வைத்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

முதலாளியைக் கூப்பிட ஒரு குரல் போதும். பூனை சார் அவள் தலைமாட்டில் போய் நின்று, வெற்றிக் குரல் கொடுக்க மூச்சை இழுத்துப் பிடித்தார். அவள் தூக்கத்திலேயே முகத்தை மறுபக்கம் திருப்பினாள். மேஜையில் கிடந்த லேபிள் ஒன்று கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது: ‘எளிதில் உடையும். கவனமாகக் கையாளவும்.’

அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். இழுத்த மூச்சைச் சத்தமில்லாமல் விட்டார்.

பின்னோக்கி அடி வைத்து வெளியேறினார். அவ்வளவு சுத்தமான பூனை நடையை அவரே நடந்ததில்லை. மாடிக்குப் போய் இழுப்பறைப் புட்டியைச் சட்டைமேல் கவிழ்த்துக்கொண்டார். இறங்கி வந்து கதவை ஒரு விரற்கடை திறந்தார். வெளியே கிடந்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, தன் நெஞ்சிலிருந்து கிடங்கை நோக்கி மெல்ல மெல்ல விசிறத் தொடங்கினார்.