லாச்சி என்று ஒரு கம்பெனி

ஜெயராணி பதினோரு வருஷம் தொலைபேசியில் பேசியே பிழைத்தவள். கண்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியின் உதவிப் பிரிவில் அவளுக்கு வேலை. எந்த ஊர்க் கடையில் பில் அச்சாகாவிட்டாலும், எந்தக் கடையில் திரை அசையாமல் நின்றுவிட்டாலும், அழைப்பு அவளிடம்தான் வரும். தமிழோ சிங்களமோ ஆங்கிலமோ, எதிர்ப்பக்கம் எவ்வளவு கோபமாக இருந்தாலும், ஐந்து நிமிஷத்தில் ஆளைச் சிரிக்க வைத்துவிடுவாள்.

அவளுக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்றே ஒன்று, பெயரைப் பிழையாக எழுதுவது. ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தபோது யாரோ அவசரத்தில் எழுதியதில், பிறப்புச் சான்றிதழில் அவள் ‘செயரணி’. அடையாள அட்டையில் வேறு மாதிரி. வங்கிப் புத்தகத்தில் அதற்கும் வேறு மாதிரி. மூன்றும் தான்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தே பாதி வயசு போய்விட்டது என்பாள்.

போன வருஷம் அந்தக் கம்பெனி கண்டிக் கிளையை மூடியது. கொழும்புக்கு வந்தால் வேலை உண்டு என்றார்கள். ஜெயராணிக்கு நாற்பத்திரண்டு வயசு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். கொழும்பு சரிப்பட்டு வராது. அதே கிளையில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த அன்ட்ரூவும் போகவில்லை. அம்பிட்டியக்காரன், அவளைவிட எட்டு வயசு இளையவன், பேச்சு குறைவு, மூளை கூர்மை. இரண்டு பேரும் சேர்ந்து சின்ன மருந்துக்கடைகளுக்கு ஒரு மென்பொருள் செய்தார்கள். எந்த மருந்து எங்கே இருக்கிறது, எது முடியப்போகிறது, எது காலாவதியாகப் போகிறது என்று அது முன்கூட்டியே சொல்லும். அம்பிட்டிய வீதியில் ஒரு பேக்கரிக்கு மேலே அறையும் கிடைத்தது. எல்லாம் தயார். பெயர் மட்டும் இல்லை.

அன்ட்ரூ முதல் நாளே ஒரு பெயரோடு வந்தான். ‘நெக்ஸோவெர்ஸ்’. அதற்கு ஒரு சின்னமும் வரைந்து, நீலத்தில் ஒன்று, ஊதாவில் ஒன்று என்று நிறம் போட்டும் வைத்திருந்தான். உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெயர், வெளிநாட்டுக்காரனும் மதிப்பான் என்பது அவன் வாதம். ஜெயராணி இல்லை என்று சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்துப் பழைய வாடிக்கையாளர் மூன்று பேரைக் கூப்பிட்டாள். பெயரை ஒரே ஒரு தடவை சொல்வேன், காதில் விழுந்தபடி எழுதி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

கட்டுகஸ்தோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் பண்டார மாத்தயா ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார். படித்தால், ‘அடுத்தது இன்னும் மோசம்’ என்று அர்த்தம் வந்தது. அக்குறணையில் கடை நடத்தும் ஸுலைஹா எழுதவே இல்லை, திருப்பி எடுத்துப் பேசினாள்.

“மகள், இது புது அன்டிபயோட்டிக்கா? எங்கட கடையில இன்னும் வரல்ல.”

மூன்றாவது ஆள் ஹேவாஹெட்ட லெட்சுமணன். அவரிடமிருந்து ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது.

அன்ட்ரூ மூன்று பதிலையும் கேட்டுக்கொண்டான். பிறகு தானாகவே சின்னத்தை எடுத்து வேறு கோப்புக்குள் போட்டான். ஜெயராணிக்குப் பாவமாக இருந்தது. கீழே பேக்கரிக்குப் போய், மீன் வைத்த மாலு பணிஸ் இரண்டு வாங்கி வந்து அவன் மேசையில் வைத்தாள்.

அடுத்த இரண்டு கிழமையும் பெயர் தேடுவதிலேயே போயிற்று. அவள் நல்ல தமிழ்ப் பெயராகப் பத்துப் பன்னிரண்டு எழுதினாள். ‘எழில்’ பண்டார மாத்தயாவின் வாயில் ‘எலில்’ ஆனது. ‘துளிர்’ ஆங்கிலத்தில் மூன்று பேரிடமிருந்தும் மூன்று விதமாக வந்தது. கடைசியில் ‘பாலம்’ கிடைத்தது. சிங்களத்திலும் பாலம என்றுதான் சொல்வார்கள், மூன்று பேரும் பிழையில்லாமல் எழுதிவிட்டார்கள். இரண்டு பேரும் சந்தோஷமாகப் பதிவு செய்யப்போனால், அந்தப் பெயரை முன்னாலேயே யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அன்றைக்கு ஜெயராணி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டே போனாள். எல்லாருக்கும் பெயர் கிடைத்திருக்கிறது, நமக்கு மட்டும் இல்லையே என்று தோன்றியது.

பெயர் இல்லாவிட்டாலும் வேலை நிற்கக்கூடாது. மறுநாள் மென்பொருளைப் போட்டுப் பார்க்க அவள் லெட்சுமணன் கடைக்குப் போனாள். ஹேவாஹெட்ட டவுனில் சின்னக் கடை. சுவர் முழுக்க, மேசை இழுப்பறை மாதிரி இழுத்துத் திறக்கிற மர லாச்சிகள். ஒவ்வொரு லாச்சியிலும் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். காய்ச்சல் குளிசை நாலாம் லாச்சி, இருமல் மருந்து ஒன்பது என்று அவருக்கு மனப்பாடம். அவர் இல்லாத நாளில் மனைவி பாலம்மா கடையைப் பார்த்தால்தான் சிக்கல். அந்தச் சுவரை முன்பு ஒருமுறை வந்து பார்த்துத்தான் அன்ட்ரூ திரையிலும் வரிசை வரிசையாகக் கட்டங்கள் போட்டிருந்தான். கட்டத்தைத் தொட்டால் திறந்துகொள்ளும், உள்ளே இருப்பது தெரியும்.

ஜெயராணி பாலம்மாவுக்குத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தாள். பாலம்மா கம்பியூட்டரைத் தொட்டதே இல்லை. பத்து நிமிஷம் பயந்து பயந்து தொட்டவள், பிறகு மளமளவென்று திறக்கவும் மூடவும் தொடங்கிவிட்டாள். அந்த நேரம் சிங்களப் பொம்பளை ஒருத்தி மருந்துத் துண்டோடு வந்தாள். லெட்சுமணன் எழும்பிச் சுவர்ப்பக்கம் போகப் பார்த்தார். பாலம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நீங்க உக்காருங்க. நான் கம்பியூட்டர் லாச்சியில பாத்துச் சொல்றேன்.”

வந்தவள் திரையை எட்டிப் பார்த்து, லாச்சுவ என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாள். ஏழாம் லாச்சியில் மருந்து இருந்தது. பாலம்மா அதை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜெயராணியைப் பெருமையாகப் பார்த்தாள். ஜெயராணி அவளைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பில் புத்தகத்தின் பின்பக்கம் ‘லாச்சி’ என்று எழுதி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சரியான நெருக்கம். சாரதி வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்கிறான், பாட்டு வேறு அலறுகிறது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே அவள் அன்ட்ரூவுக்கு எடுத்து, ஒரே ஒரு தடவை அந்தச் சொல்லைச் சொன்னாள்.

“லாச்சியா?” என்றான் அன்ட்ரூ. “என்ன லாச்சி, அக்கா?”

அந்த இரைச்சலிலும் சொல் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது, அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அன்ட்ரூவுக்குப் போதவில்லை. அடுத்த நாள் காலையில் அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகவே மறுத்தான். வீட்டில் சொக்ஸ் போட்டு வைக்கிற சாமானின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தால் யார் மதிப்பார்கள் என்றான். ஜெயராணி மறுபடி அதே மூன்று பேரைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டு அவனையும் கேட்கச் சொன்னாள். பண்டார மாத்தயா சொன்ன உடனேயே எழுதிவிட்டார். லெட்சுமணன், அது ஏற்கெனவே நம்ம பெயர்தானே என்றார். ஸுலைஹா எழுதி அனுப்பிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டாள்.

“பேர் வெளங்குது மகள். எங்கட கடைக்கு எப்ப லாச்சி போடுறீங்க?”

அன்ட்ரூ ஜெயராணியைப் பார்த்தான். பெயரைக் கேட்டு யாராவது சாமானைக் கேட்பது அவன் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை. ஆங்கில எழுத்தில் அதை எப்படி எழுதுவது என்று மட்டும் கேட்டான். அதில் அரை நாள் போயிற்று. நீட்டினால் ஒரு மாதிரி, குறுக்கினால் ஒரு மாதிரி. முடிவில் ஆகக் குறைந்த எழுத்துகளில் வருவதை எடுத்துக்கொண்டு, ஆட்கள் பிழையாக எழுதக்கூடிய மற்ற இரண்டு விதத்திலும் இணைய முகவரி வாங்கிப் போட்டார்கள். எப்படி எழுதினாலும் ஆள் நம்மிடம்தான் வந்து சேரவேண்டும் என்பதில் ஜெயராணி உறுதியாக இருந்தாள். பதிவும் ஒரு தடையில்லாமல் முடிந்தது.

சித்திரை வருஷப் பிறப்புக்கு ஒரு கிழமைக்கு முன்னால், மூன்று மொழியிலும் எழுதிய பலகை பேக்கரிக்கு மேலே ஏறியது. இரண்டாம் நாள் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். பையிலிருந்து மடித்த கடதாசியை எடுத்து விரித்தார். எழுதுமேசை ஒன்றின் அளவு. பதினெட்டு அங்குலத்தில் இரண்டு லாச்சி செய்து தர எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

அன்ட்ரூ சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெயராணி அவரை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். இங்கே செய்வது கம்பியூட்டர் லாச்சி என்று விளக்கினாள். மாஸ்டர் வந்ததுக்கு அதையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று பார்த்தார். நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் இதில் பேனை வைக்க முடியாதே என்றார்.

அவர் போன பிறகு அவள் விசாரித்துச் சந்தியில் ஒரு தச்சரைக் கண்டுபிடித்து, அவருடைய நம்பரைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். இப்போது இருபத்தியொரு மருந்துக்கடைகளில் லாச்சி ஓடுகிறது. மர லாச்சி கேட்டு வந்தவர்கள் இதுவரை ஆறு பேர். அவர்களைத் தச்சரிடம் அனுப்புகிற பொறுப்பை அன்ட்ரூ தானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறான். பேச்சு குறைந்தவன், போகும் வழியை மட்டும் அத்தனை விபரமாகச் சொல்வான்.