றொபேட் ஊற்றிய தண்ணீர்

லவினா மிஸ் அதிர்ந்து பேசாதவர் என்று கொட்டாஞ்சேனையில் பெயர் எடுத்தவர். வகுப்பில்கூடக் குரலை உயர்த்தமாட்டார். அப்படிப்பட்டவர்தான் ஒரு சனிக்கிழமை பின்னேரம், கடை நிறையச் சனம் நிற்க, வளர்ப்பு மீன் விற்கும் மக்கீனைப் பார்த்துக் கத்தினார்.

"நோய் மீனைத் தந்து ஏமாத்திறீங்க. செத்த மனிசன் வந்து கேக்கமாட்டார் எண்டுதானே?"

மக்கீன் தன் மீன் தொட்டிகளைத் திரும்பிப் பார்த்தார்.

செத்த மனிதர் லவினாவின் கணவர் றொபேட். தவக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் விட்டுப்போனது நீர்ச்செடிகள் அடர்ந்த ஒரு கண்ணாடித் தொட்டியும், அதில் ஓடித் திரிந்த டெட்ரா மீன்களும். கிழமைக்கு ஒருமுறை பழைய தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுவது அவர் வழக்கம். லவினாவுக்கு அது மட்டும் முடியவில்லை. அவர் கையால் ஊற்றிய தண்ணீரை எப்படிக் கொட்டுவது? வற்றிய அளவுக்கு மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்தார். தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போனபோது கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை, கல்லறையில் பூ வைப்பதுபோலச் செடிகளின் அடியில் பரப்பினார்.

செடிகளின் நுனி சுருண்டது. பழைய மீன்கள் நீந்தின. மக்கீனிடம் வாங்கிவந்த புது மீன்கள் விடியுமுன் செத்து மிதந்தன. அவர் காசு வாங்காமல் தந்த மாற்று மீன்களும் அப்படியே. பழையது வாழ்கிறது, புதியது சாகிறது. அப்படியென்றால் பிழை மீனில்தானே? அந்தத் துணிவில்தான் அன்று கத்தினார்.

நத்தார்ப் பண்டிகைக்கு வீடு துடைக்கும்போது தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு வெள்ளைப் படலம். தேய்த்தும் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் கேத்தலில் சுண்ணாம்பு இப்படித்தான் படியும். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் அவர் ஒருநாளும் கண்டதில்லை. தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் றொபேட்டின் சோதனைத் திரவத்தைத் தேடி எடுத்தார். அவர் காலத்தில் சில துளியிலேயே சிவப்பு பச்சையாகிவிடும். இப்போது துளிமேல் துளி விட்டும் சிவப்பு சிவப்பாகவே நின்றது. ஒரு சிப்பியை எடுத்து வினாகிரி விட்டார். நுரைத்தது.

சிப்பி கரைந்து சுண்ணாம்பு தண்ணீரில் சேர்ந்திருக்கிறது. வெளியே கொட்டாததால் சேர்ந்தது சேர்ந்தபடியே தங்கிவிட்டது. பழைய மீன்கள் சிறுகச் சிறுகப் பழகிக்கொண்டன. சுண்ணாம்பு குறைந்த மென்மையான தண்ணீரில் வளர்ந்த புது மீன்கள் அதற்குள் திடீரென்று விழுந்தன. விழுத்தியவர் லவினா.

மறுநாள் காலை கடைக்குப் போனார். மக்கீனைத் தவிர யாருமில்லை. சொல்ல வாயெடுத்தவருக்கு முகம் எரிந்தது. கத்தியது சனத்துக்கு முன்னால், மன்னிப்பு மட்டும் ஒளிவிலா? ஒரு மீன் தீன் பைக்கற்றை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். சனம் கூடும் பின்னேரத்தில் மறுபடி வந்தார்.

"மக்கீன் நானா, அண்டைக்கு நான் கத்தினது பிழை. உங்கட மீனில ஒரு நோயும் இருக்கேல்ல. என்ட தண்ணியிலதான் பிழை."

"ஆ, டீச்சர்மாரும் ஃபெயிலாகிறதுதான்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மக்கீன் சிரிக்கவில்லை. "நீங்க சென்னத நான் நம்பிட்டேன் மிஸ். படிச்சவங்க சும்மா செல்லமாட்டாங்க எண்டு. களனியில நதீஷா எண்டு ஒரு புள்ளதான் அந்த மீன வளத்துத் தாற. நோய் மீன் எண்டு ஏசிட்டு, அவகிட்ட எடுக்கிறத நிப்பாட்டிட்டேன்."

லவினா போனுக்குக் கை நீட்டினார். "கோல் எடுத்துத் தாங்க. நானே கதைக்கிறன்."

பஸ்ஸுக்கும் கந்தோர் அலுவலுக்கும் மட்டும் போதுமான சிங்களம் அவருடையது. தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். மறுமுனையில் நதீஷா மெதுவாகச் சிங்களத்தில் சொன்னாள்:

"நோய் என்று நம்பித்தான், மிஸ், மற்றத் தொட்டிகளுக்கும் பரவாமல், கடைக்குக் கொடுத்த தொட்டியின் மீனையெல்லாம் கொன்று புதைத்தேன். அதுகளுக்கு ஒன்றுமே இருக்கவில்லையா?"

கடையே காது கொடுத்து நின்றது. போனை வைத்துவிடலாம்.

"இல்லை, தங்கச்சி," என்றார் லவினா. "ஒன்றுமே இருக்கவில்லை."