அவள் ஊட்டிய சோறு

என் நாத்தனாருக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் ஒரே வார்த்தையால் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க நெய்வேலிக்கு வந்தபோது, எங்கள் சபைக்காரர் ஒருவர், "பொண்ணுக்குச் சின்ன வயசுல வலிப்பு உண்டு" என்று சொல்லிவிட்டார். அப்படி எதுவும் அவளுக்கு இருந்ததில்லை. அதே மாப்பிள்ளையைத் தன் மைத்துனிக்குப் பார்க்க அவருக்கு எண்ணம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இடமும் கூடி வரவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. என் கணவருக்கு மைன்ஸில் வேலை. பெற்றோர் இல்லாததால் அவர் தங்கை எங்களோடு குவார்ட்டர்ஸில்தான் இருந்தாள். என்னைவிட ஏழு வயது சின்னவள். கல்யாணம் நின்ற பிறகு ஒரு வருடம் நாங்கள் அந்த மனிதரோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரே பாட்டைப் பாடிவிட்டு, முகம் பார்க்காமல் வெளியே வருவோம்.

ஒரு நாள் சைக்கிளுக்குக் குறுக்கே நாய் ஓடியதில் அவர் விழுந்து, இரண்டு மணிக்கட்டும் முறிந்துபோயின. முழங்கையிலிருந்து விரல்வரை மாவுக்கட்டு. மனைவி பிரசவத்துக்காக நாகர்கோவிலில் தாய் வீட்டில் இருந்தாள். எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவளால் வர முடியவில்லை. தானாகச் சாப்பிட முடியாது, கால் கழுவ முடியாது. காலையும் இரவும் பார்த்துக்கொள்ளச் சபையில் ஆள் கிடைத்தது. "மத்தியானம் யாரு போறீங்க?" என்று போதகர் கேட்டபோது யாரும் முன்வரவில்லை. என் கணவர் கையைத் தூக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உங்களுக்கு ரோஷமே கெடையாதா?"

"இருக்கு. அதுக்காக அந்தாளு அசிங்கத்தோட கெடக்கணுமா?" என்றார்.

மறுநாளிலிருந்து, காலை ஷிப்ட் முடிந்ததும் வீட்டில் சாப்பாட்டுக் கேரியரை வாங்கிக்கொண்டு அங்கே போய்விடுவார். குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டிவிட்டு நாலு மணிக்கு மேல் வருவார். சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான். சமைப்பேன், ஆனால் அதில் கோபம்தான் அதிகம் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு நாள், அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராததால் அந்த வேலையையும் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று அவர் சொல்லியனுப்பினார். "ஒரு வேளை பட்டினி கெடந்தா செத்தா போயிடுவாரு?" என்றேன். நாத்தனார் சோற்றைக் குழைய வடித்தாள். ரசத்தைத் தூக்குச்சட்டியில் ஊற்றினாள். "நான் போறேன் அண்ணி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளைத் தனியாக அனுப்பக் கூடாது என்று பின்னாலேயே போனேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. எழ முயன்றார், கையை ஊன்ற முடியவில்லை. அவள் தட்டில் சோற்றைப் பிசைந்து, ஒரு கவளத்தை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"வாயத் தெறங்கண்ணே. ஆறிடும்."

"நான் உனக்குச் செஞ்சது..."

"தெரியும். மொதல்ல சாப்பிடுங்க." தன் முந்தானையாலேயே அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

நான் வாசற்படியிலேயே நின்றிருந்தேன். ஒருவரையொருவர் நேசிப்பதை வைத்துத்தான் நாம் யாருடையவர்கள் என்று உலகம் அறியும் என்பதைச் சிறு பிள்ளையிலேயே மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள் நான். அந்த வசனம் இவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோயிலுக்குள் நிற்பதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

அவருக்கு எதிர் வீட்டு அம்மா பக்கத்து ஊரான முத்தாண்டிக்குப்பத்துக்காரர், எங்கள் சபை இல்லை. நாங்கள் திரும்பும்போது என்னைக் கூப்பிட்டார். "தெனம் உங்க வூட்லேர்ந்து சோறு வருதே, அவரு உங்களுக்கு என்னா வேணும்ங்க? கூடப் பொறந்தவரா?"

"ஆமாங்க" என்றாள் நாத்தனார்.

மறுநாள் கேரியரை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

கட்டுப் பிரித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சபையில் எழுந்து நின்று, தான் சொன்னது பொய் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் வீட்டுக்கு வந்து வழக்கம்போல அரிசி களைந்தாள். நின்ற கல்யாணம் நின்றதுதான். இரண்டு வருடம் கழித்து வேறோர் இடம் அமைந்தது. அவள் சோறூட்டிய அந்த மத்தியானம்வரை, வயதில் மூத்தவள் என்ற உரிமையில் அவளை அதட்டிக்கொண்டிருந்த எனக்கு, அதன் பிறகு அதட்ட வாய் வரவேயில்லை.