தபால் மூட்டைக்குப் பிறகுதான் மாப்பிள்ளை

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு யாராவது படித்தால் அவருக்குப் பிடிக்காது. அதனால் உறவினர்களும் நண்பர்களும் சிரிக்கும்படியே எழுதுகிறேன்.

லால்குடிப் பக்கம் நெல் வயல்காரர் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. ஆற்றையும் வாய்க்காலையும் தவிர வேறு தண்ணீர் பார்த்திராதவர், சென்னையிலிருந்து அந்தமான் போகும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். ஆட்கள், சரக்கு, தபால் மூன்றையும் சுமந்த கப்பல் அது. போகும்போது வெங்காயம், சிமெண்ட், மோட்டார் சைக்கிள். வரும்போது கொப்பரையும் பாக்கும். பயணிகளையும் தபாலையும் ஏற்றி இறக்குவது அப்பாவின் பொறுப்பு. முதல் பயணத்தில் குமட்டலில் சுருண்டு படுத்தவர், அடுத்த தடவையிலிருந்து அம்மா போட்ட உப்பு நார்த்தங்காயை ஜாடியோடு கொண்டுபோய், வாந்தியெடுக்கும் பயணிகளுக்கெல்லாம் நறுக்கிக் கொடுத்தார். "ஊறுகாய் சப்ளை நான் பண்றேன், நல்ல பேரு அவருக்கு" என்பார் அம்மா.

கரை சேர்ந்ததும் முதலில் தபால் மூட்டை இறங்க வேண்டும். அப்புறம் நோயாளிகள், கைக்குழந்தைக்காரர்கள், பிறகு மற்றவர்கள். ஊழியர்களின் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கடைசி. இதில் அப்பா இம்மியும் அசைய மாட்டார். ஒருமுறை நாங்கள் கூடப் போயிருந்தோம். வெயிலில் நின்று நின்று தம்பி அழுதேவிட்டான். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் கல்யாணம் ஸ்ரீரங்கத்தில். மாப்பிள்ளை தொட்டியத்துக்காரர், தீவில் பள்ளி ஆசிரியர். பிளேனில் வருகிறேன் என்றவரை, "என் கப்பல் இருக்கும்போது பிளேன் எதுக்கு மாப்பிள்ளை?" என்று அப்பா தம்மோடு ஏற்றிக்கொண்டார். கடல் சும்மா இருக்குமா? நடுவழியில் காற்று பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் முன்னதாக வரவேண்டிய கப்பல், கல்யாணத்தன்று விடியும்போதுதான் சென்னையைத் தொட்டது. உச்சிப்பொழுதுக்குள் முகூர்த்தம். தாலி கட்ட மாப்பிள்ளை இல்லை, தாரை வார்க்க அப்பா இல்லை. மணக்கோலத்தில் நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். "இன்னைக்குக்கூட மூட்டையை இறக்கிட்டுத்தான் வருவாரு, பாருங்க" என்று அம்மா ஐயரிடம் பொரிந்து தள்ளினார். ஐயர், பாவம், மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொன்னார்.

முகூர்த்தம் தீரப்போகும் நேரத்தில் மாப்பிள்ளையையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு கார் வந்து நின்றது. அப்பா கப்பல் சட்டையோடே ஓடிவந்து மணையில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளையைக் கடைசி ஆளாத்தானே இறக்கினீங்க?" என்றார் அம்மா.

"ஆமாம்" என்று பல்லைக் காட்டினார் அப்பா.

அந்த ஒரு "ஆமாம்" என்ற சொல்லுக்காக அம்மா அவரை ஆயுசு முழுக்க வறுத்தெடுத்தார். எனக்கும் மனத்தாங்கல்தான். பெற்ற பெண்ணைவிடத் தபால் மூட்டையா பெரிது?

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்தது. இரண்டே நாளில் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த சொந்தங்களுக்கும், தூரம் பாராமல் வந்த கப்பல் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பத்தாம் நாள் காரியம் முடிந்து, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் நாங்கள் நின்றபோது என் கணவர் மெல்லச் சொன்னார்: "அன்னைக்கு மாமா என்னைத்தான் முதல்ல இறங்கச் சொன்னாரு, தபாலுக்கும் முன்னாடி. 'எம்பொண்ணு காத்துக்கிட்டிருப்பா, நீங்க ஓடுங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அவரை விட்டுட்டுப் போகமாட்டேன்னு நான்தான் அடம்பிடிச்சு நின்னேன். 'வெளியில சொல்லிடாதீங்க மாப்பிள்ளை, கப்பல்ல என் பேரு கெட்டுடும்'னாரு."

"அடப்பாவி மனுஷா, இத்தனை வருஷம் சும்மாவா திட்டு வாங்கினீங்க!" என்று அம்மா ஈரப்புடவையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நன்றி அப்பா. உங்கள் பேரை இன்று ஊரறியக் கெடுத்துவிட்டேன்.